தம்பியைக் கேட்டுச் சொல்லு

அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தால் முட்டி டெஸ்க்கில் இடித்தது. காலை வெளிப்பக்கமாக நீட்டி வைத்துக்கொண்டேன்.

தம்பி ஹரியின் பள்ளிக்கூடம். பத்தாம் வகுப்பு பெற்றோர் கூட்டம். என்னைச் சுற்றி எல்லாம் அம்மாக்கள். இரண்டு மூன்று அப்பாக்கள் பைக் சாவியைச் சுழற்றிக்கொண்டு வாசலோடு நின்றுவிட்டார்கள். அண்ணன் என்று வந்தவன் நான் ஒருத்தன்தான். அரியமங்கலம் பட்டறையிலிருந்து நேராக வந்திருந்தேன். சட்டையில் வெல்டிங் பொறி விழுந்த ஓட்டைகள். பக்கத்தில் இருந்த ஒரு அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் ஒன்பதாவதோடு நின்றவன். பத்தாம் வகுப்பு அறைக்குள் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். சாக்பீஸ் வாசனை மட்டும் பழசு.

"ஹரிஹரன் வீட்லேர்ந்து யாரு வந்துருக்கா?" என்றார் வகுப்பு ஆசிரியர்.

கையைத் தூக்கினேன். அந்தப் பழக்கம் போகவில்லை பாருங்கள்.

"அண்ணனா? உக்காருங்க தம்பி, எந்திரிக்க வேணாம். அம்மா விஷயம் கேள்விப்பட்டேன். மீட்டிங்குன்னா மொத ஆளா வந்துருவாங்க." ரெஜிஸ்டரைப் புரட்டி, "இவன் ஜனவரில ஆஸ்திரேலியா போறானாமே? பசங்க சொல்றானுங்க" என்றார்.

"அப்பா அங்கதான் சார் இருக்காரு. வரச் சொல்றாரு."

"பப்ளிக் எழுதாமலா? பேரெல்லாம் அனுப்பியாச்சு. வருஷம் பூரா படிச்சிட்டு பரீட்சை நேரத்துல கெளம்புறதுன்னா எப்படி? வீட்ல என்ன முடிவு பண்ணிருக்கீங்க?"

"அப்பாவக் கேட்டுச் சொல்றேன் சார்."

"அப்பா என்னதான் சொல்றாரு?"

"ஹரியக் கேட்டுச் சொல்லச் சொல்றாரு."

சார் கண்ணாடியைக் கழற்றினார். "சரி, ஹரி என்ன சொல்றான்?"

ஹரி ஜன்னல் ஓரமாக நின்றிருந்தான். அம்மா காரியத்துக்கு மொட்டை அடித்த தலையில் முடி அப்போதுதான் முளைத்து முள் முள்ளாக நின்றது. "அண்ணன் சொல்றதுதான் சார்" என்றான்.

பின்னால் யாரோ ஒரு அம்மா சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அதுதான் அன்றைக்கு எங்கள் வீட்டு நிலைமை. மூன்று பேர் இருந்தோம். ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

நடுவில் அம்மா

போன வாரம் அம்மா ஆயாவாகப் போன ஸ்கூல் வேனைப் பற்றி எழுதியிருந்தேன். அந்த வேனில் முப்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் கத்தினாலும் யார் என்ன கேட்கிறார்கள் என்று அம்மாவுக்குத் தெரியும். வீட்டிலும் அவளுக்கு அதே வேலைதான்.

எங்கள் வீட்டில் அப்பா எங்களிடம் நேராகப் பேச மாட்டார். கோபம் கீபம் ஒன்றும் இல்லை. பழக்கம் அப்படி. நான் அவருக்கு எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். அவர் அம்மாவைப் பார்த்து, "அவன் முடி வெட்டலயா?" என்பார். அம்மா என்னைப் பார்த்து, "முடி வெட்டலயான்னு அப்பா கேக்குறாரு" என்பாள். நான் அம்மாவிடம், "ஞாயித்துக்கெழம வெட்டுறேன்" என்பேன். அம்மா அதை அப்பாவிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பாள். நாலடி தூரம்தான்.

ஒரு தடவை அப்பா லீவில் வந்திருந்தபோது அம்மா கடைக்குப் போயிருந்தாள். கரண்ட் போய்விட்டுத் திரும்ப வந்தது. டிவி அணைந்தே கிடந்தது. ரிமோட் என் பக்கத்தில். அதைப் போடச் சொல்ல வேண்டும் என்று அவருக்கு இருந்திருக்கும். போடட்டுமா என்று கேட்க வேண்டும் என்று எனக்கும் இருந்தது. அம்மா வரும்வரை இரண்டு பேரும் அணைந்த டிவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வந்து பார்த்துவிட்டு அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "ரெண்டு பேரும் வாய்க்குள்ள என்ன வெச்சிருக்கீங்க, கொழுக்கட்டையா?"

நான் பள்ளிக்கூடத்தை விட்டதும் அப்படித்தான் முடிவானது. அப்பா அப்போது சிங்கப்பூரில் வெல்டர். போனில் அம்மாவிடம், "படிக்கலன்னா என்ன பண்ணப்போறானாம்?" என்று கேட்டிருக்கிறார். "பட்டறைக்குப் போறானாம், உங்க வேலையேதான்" என்று அம்மா சொன்னாள். அப்புறம், "சரி. கண்ணாடி போட்டு வேல பாக்கச் சொல்லு" என்றாராம். என் படிப்பு அந்த ஒரு போனில் முடிந்தது.

அதற்குப் பிறகு அப்பா பெர்த்துக்குப் போனார். ஆஸ்திரேலியாவின் மேற்கு ஓரத்தில் இருக்கிற ஊர். அங்கே நிரந்தரமாக இருக்க வழி கிடைத்ததும் அம்மாவையும் ஹரியையும் அழைத்துக்கொள்ள ஏற்பாடு செய்தார். விசாவுக்கு எனக்கு வயது தாண்டிவிட்டது. அந்தக் கணக்கில் நான் பிள்ளை இல்லை. "பெரியவன் சம்பாதிக்கிறான், அவன் இருந்துக்குவான்" என்று அப்பா சொன்னதாக அம்மா சொன்னாள். சொல்லும்போது என் தட்டில் இன்னொரு தோசை வைத்தாள்.

அப்போதே படிப்பு விஷயம் இழுபறிதான். அங்கே பள்ளிக்கூடம் பிப்ரவரி வாக்கில் திறந்துவிடும். வருஷ ஆரம்பத்திலேயே சேர்த்துவிட வேண்டும் என்பது அப்பா. இங்கே அடுத்த மாதமே பப்ளிக் பரீட்சை. "டென்த்த முடிச்சிட்டுத்தான் வருவோம்" என்பது அம்மா. "ஒருத்தன்தான் எழுதல. இவனாவது எழுதட்டும்." இரண்டு பேரும் ஹரியைக் கேட்கவில்லை. ஹரிக்கு எது நல்லது என்று அம்மா அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த மழைக்காலத்தில் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை போட்டுக்கொண்டு வேனுக்குப் போனாள். அப்புறம் ஆஸ்பத்திரி. அப்புறம் இல்லை. இதைப் பற்றி என்னால் இன்னும் பெரிதாக எழுத முடியவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஏர்போர்ட்டில் ஒரு கேள்வி

அப்பா வந்து சேரும்வரை அம்மாவை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தோம். எங்கள் பக்கம் அப்பாவுக்கு மூத்த மகன், அம்மாவுக்கு இளைய மகன் கொள்ளி வைக்க வேண்டும். அதனால் பானையைத் தூக்கியது ஹரி. நான் பின்னால் நடந்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அப்பா திரும்பக் கிளம்பினார். வழியனுப்ப நாங்கள் இரண்டு பேரும் போனோம். ஹரி டிராலியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அப்பா பாஸ்போர்ட்டை எடுத்தார், திரும்பச் சட்டைப் பையில் வைத்தார், என்னைப் பார்த்தார்.

"ஜனவரிக்கு டிக்கெட் போட்டுறவா? தம்பியக் கேட்டுச் சொல்லு."

தம்பி பக்கத்தில்தான் நின்றான். டிராலியில் ஒரு கை அவனுடையது, ஒரு கை அவருடையது. அம்மா இருந்த இடத்தில் என்னை நிறுத்திவிட்டார்கள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஆளுக்கு ஒன்று

பெற்றோர் கூட்டத்துக்குப் பிறகு பார்க்கிறவர்கள் எல்லாம் வழி சொன்னார்கள்.

பட்டறை முதலாளி, "தூக்கிப் போட்டுட்டு ஓடச் சொல்லுடா. டென்த் சர்ட்டிபிகேட்ட வெச்சு நா என்ன கிழிச்சேன்? லேமினேஷன் பண்ணி பீரோல வெச்சிருக்கேன்" என்றார்.

ஹரியின் கூட்டாளிகள் வேறு மாதிரி. அங்கே வயதைப் பார்த்துத்தான் வகுப்பில் போடுவார்களாம். இங்கே பத்தாவது எழுதிவிட்டுப் போனாலும் அங்கே திரும்பப் பத்தில்தான் உட்கார வேண்டும் என்று ஒருத்தன் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து ஹரிக்குப் பெயர் 'ஃபாரின் ஃபெயில்'.

ஜீயபுரத்து அத்தை, அப்பாவின் அக்கா, ஒரே பிடியாக நின்றாள். "கொள்ளி வெச்ச புள்ள வருஷம் திரும்பாம கடல் தாண்டலாமா? அவ ஆத்மா எங்க வந்து தேடும்? உங்கப்பனுக்கு அறிவு கடல்ல கரைஞ்சு போச்சா? தலதிதி முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

அத்தை சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. சாஸ்திரம் எல்லாம் எனக்குத் தெரியாது. ஹரியும் போய்விட்டால் வேலை முடிந்து வந்து நானே பூட்டைத் திறந்து நானே விளக்கைப் போட வேண்டும். "ஆமாத்த, இருக்கட்டும்" என்றேன். "எனக்கும் அவன் இருந்தா தேவல." அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஐயரும் அவர் போனும்

அடுத்த அமாவாசைக்குக் காவிரிக்கரை அம்மா மண்டபத்தில் திதி கொடுக்கப் போனோம். அத்தையும் வந்திருந்தாள். படித்துறையில் நல்ல கூட்டம். காவிரியில் தண்ணீர் முட்டிக்கு மேல் ஓடியது. ஈர வேட்டி, எள், வாழையிலை, கற்பூரம் எல்லாம் கலந்த வாசனை.

எங்களுக்குச் செய்து வைத்த ஐயர், ஒரு செங்கல்லில் செல்போனைச் சாய்த்து வைத்திருந்தார். அதற்குள் ஒருத்தர் வெற்று உடம்போடு சமையலறையில் உட்கார்ந்திருந்தார். ஹரிக்கு ஒரு வரி மந்திரம் சொல்லிவிட்டு ஐயர் போனைப் பார்ப்பார். "அப்பா பேரச் சொல்லுங்கோ. கேக்கல, மைக்க ஆன் பண்ணுங்கோ."

அத்தையால் பொறுக்க முடியவில்லை. "என்ன சாமி இது, போன்லயா திதி?"

"ஆமாம்மா. அவர் சிட்னில இருக்கார்."

"அப்ப கொள்ளி வெச்ச புள்ள வருஷத்துக்குள்ள கடல் தாண்டலாமா?"

"தாண்டப்படாதுன்னு சொன்னா எனக்குப் பாதிப் பேர் வரமாட்டா" என்று ஐயர் சிரித்தார். "படிக்கப் போற புள்ளையா? பேஷா போகட்டும். அமாவாசைக்கு எனக்கு வீடியோல வரச் சொல்லுங்கோ."

"பிண்டத்த எங்க கரைக்கிறது?"

"அங்க கடல் இருக்கோன்னோ?"

அத்தை என்னைப் பார்த்தாள். நான் தண்ணீரைப் பார்த்தேன். எங்கள் கட்சி அதோடு முடிந்தது.

அத்தையைப் பஸ் ஏற்றிவிட்டு நானும் ஹரியும் வீட்டுக்கு நடந்தோம். தடை நீங்கிவிட்டதே என்று ஹரிக்கும் சந்தோஷமில்லை. அவன் ஈர வேட்டி காலில் ஒட்டி ஒட்டிச் சத்தம் போட்டது.

"இப்ப சொல்லுடா. ஜனவரில போறியா, எழுதிட்டுப் போறியா?"

"தெரியலண்ணே."

"ஃபாரின் ஃபெயிலுன்னு சொல்றானுங்கன்னு பயமா?"

"அவனுங்க கெடக்குறானுங்க." வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தான். பிறகு, "அப்பாகூட எப்படிண்ணே இருக்குறது?" என்றான்.

"என்னடா கேள்வி இது?"

"போன்ல, சாப்ட்டியாம்பாரு. ம்பேன். படிக்கிறியாம்பாரு. ம்பேன். அண்ணன்ட்ட போனக் குடும்பாரு. குடுத்துருவேன். அங்க போனா யார்ட்ட குடுக்குறது? போன்னா வெச்சுரலாம். வீட்ல வெக்க முடியாதுல்ல?"

அவன் பிறந்து நடக்க ஆரம்பித்தபோது அப்பா சிங்கப்பூர் போய்விட்டார். லீவுகளை எல்லாம் கூட்டினால் ஒரு வருஷம் வருமோ என்னவோ. நாங்கள் எல்லாரும் எந்தப் பள்ளிக்கூடம், எந்த மாதம் என்று பேசிக்கொண்டிருந்தோம். பிள்ளைக்குக் கவலை பள்ளிக்கூடத்தைப் பற்றியே இல்லை.

டம்ளரில் சாய்த்த போன்

அன்றைக்குச் சாயங்காலம் அப்பா வீடியோவில் வந்தார். அங்கே அவர் மறுநாள் சாப்பாட்டுக்குக் காய் நறுக்குகிற நேரம். இங்கே ஹரி கணக்கு நோட்டோடு உட்கார்ந்திருந்தான்.

"தம்பியக் கேட்டியா? என்ன சொல்றான்?"

வழக்கமாக, "யோசிக்கிறான்ப்பா" என்பேன். அன்றைக்கு என்னவோ முடியவில்லை. நான் அம்மா இல்லை. அவள் எங்களிடம் சொல்லும்போது அப்பாவின் பேச்சைக் கொஞ்சம் இனிப்பாக்கிச் சொன்னாள் என்று இப்போது தோன்றுகிறது. எனக்கு அது வராது.

"நீங்களே கேளுங்கப்பா. இங்கதான் இருக்கான்."

போனைத் தண்ணி டம்ளரில் சாய்த்து ஹரிக்கு எதிரில் வைத்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன். ஹரி, "ண்ணே, ண்ணே" என்றது தெருவரை கேட்டது.

தெருமுனையில் டீ குடித்தேன். குடித்து முடித்தும் அங்கேயே நின்றேன். இதற்குள் யாராவது போனை வைத்திருப்பார்கள் என்று நினைத்துத் திரும்பி வந்தேன்.

வைக்கவில்லை. பேசவும் இல்லை. ஹரி குனிந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். போனுக்குள் அப்பா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தி பலகையில் படுகிற சத்தம் மட்டும் எங்கள் வீட்டுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது. அம்மா போனதிலிருந்து சாயங்காலத்தில் அந்தச் சத்தம் இல்லை. நான் நிலைப்படியிலேயே நின்றுவிட்டேன்.

ஹரி பேனாவை உதறினான். எழுதிப் பார்த்தான். மறுபடி உதறினான்.

"அந்தப் பேனா எழுதலயா?" என்றார் அப்பா.

ஹரி நிமிர்ந்து என்னைத் தேடினான். நான் கதவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன்.

"எழுதலப்பா" என்றான்.

"வேற இல்லயா?"

"இருக்கு. பையில இருக்கு."

"எடுத்துக்க."

அவ்வளவுதான் அன்றைக்கு. அதற்குப் பிறகு தினம் அதே நேரத்தில் போன் டம்ளரில் சாய்ந்துவிடும். பல நாள் ஒரு வார்த்தையும் இருக்காது. அப்பா சட்டை அயர்ன் பண்ணுவார், இவன் வரலாறு முணுமுணுப்பான். ஒரு நாள் அப்பா போனைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு காலி அறையைக் காட்டினார். கூட வேலை செய்பவர்களோடு தங்கியிருந்த வீட்டை விட்டுத் தனியாக ஒரு சின்ன வீடு பிடித்திருக்கிறார். எங்களிடம் சொல்லவில்லை. யாரிடம் சொல்வது என்று தெரிந்திருக்காது. அறையில் ஒரு மேசை மட்டும் இருந்தது.

"ஒனக்குத்தான் வாங்குனேன்" என்றார்.

ஹரி போனைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தான். "ஜன்னல் பக்கமா போடுங்கப்பா. இங்க இருட்டா இருக்கு."

அப்பா அங்கேயே போனைக் கீழே வைத்துவிட்டு மேசையை இழுத்தார். கூரை மட்டும் தெரிந்தது. இழுக்கிற சத்தம் கேட்டது.

அதற்கு அடுத்த நாளோ என்னவோதான் கேட்டார். நான் அடுப்படியில் இருந்தேன்.

"ஹரி. பரீட்சைய எழுதிட்டு வர்றியா?"

"ஆமாப்பா."

"நடுவுல வந்து சேந்தா கஷ்டமா இருக்கும். திரும்பப் பத்துலதான் போடுவான்."

"பரவால்ல. இங்க நடுவுல விட்டாலும் கஷ்டமாத்தான் இருக்கும்." ஹரி நோட்டை மூடினான். "அம்மாவும் எழுதிட்டுத்தான் போகணும்னு சொல்லுச்சு."

"எங்கிட்டயும் சொன்னா" என்றார் அப்பா. அம்மாவைப் பற்றி அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டதை நான் அப்போதுதான் கேட்டேன். "சரி. நா அங்க ஸ்கூல்ல பேசுறேன். கூட்டிட்டுப் போக நானே வரேன்."

வகுப்பு ஆசிரியரிடம் மறுநாள் நான் போய்ச் சொன்னேன். "யாரு முடிவு பண்ணுனது?" என்றார். "அவங்களே பேசிக்கிட்டாங்க சார்" என்றேன்.

திரும்ப ஏர்போர்ட்

ஹரி பரீட்சை எழுதினான். கடைசி நாள் சட்டை முழுக்க மை தெளித்துக்கொண்டு வந்தான். முதுகில் பெரிதாக 'ஃபாரின் ஃபெயில்' என்று எழுதி விட்டிருந்தார்கள். அந்தச் சட்டையைத் துவைக்காமல் பெட்டியில் வைத்துக்கொண்டான்.

அப்பா ஒரு வார லீவில் வந்தார். அத்தை முறுக்கு சுட்டுக் கொண்டுவந்தாள். கடலில் கரைப்பது எப்படி என்று ஹரிக்கு இரண்டு தரம் சொன்னாள். நானும் பட்டறையில் லீவு சொல்லிவிட்டேன். பெட்டி கட்டினோம், எடை பார்த்தோம், பிரித்தோம், திரும்பக் கட்டினோம்.

அதே ஏர்போர்ட், அதே கதவு. இந்தத் தடவையும் டிராலியில் அவர்கள் இரண்டு பேர் கையும் இருந்தது. நான் ஒரு கை தூரத்தில் நின்றேன். என்ன சொல்வது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. டம்ளரில் சாய்த்து வைத்த போனுக்கு முன்னால் நான் உட்காரவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அப்பா என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஹரி பக்கம் திரும்பினார்.

"அண்ணன கண்ணாடி போட்டு வேல பாக்கச் சொல்லு. கண்ணு செவந்து கெடக்கு பாரு."

அந்த வாரம் முழுக்க நான் பட்டறைப் பக்கமே போகவில்லை. அவர்கூடவேதான் இருந்தேன். அது அவருக்கும் தெரியும்.

ஹரி என்னைப் பார்த்தான். "அண்ணே, கண்ணாடி போட்டுக்கணுமாம்."

"போட்டுக்குறேன்னு சொல்லு."

"போட்டுக்குமாம்ப்பா."

அப்பா தலையை ஆட்டினார். இரண்டு பேரும் டிராலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்கள்.